ஐந்து மணி மரம் ஆறு மணிக்குத்தான் தூங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"தீபாவளி இப்போதுதான் முடிந்த மாதிரி இருக்கு, அதுக்குள்ளே தைப்பூசம் வந்துருச்சு. இனி கண்ணை மூடித் திறந்தா வருசம் பாதி போயிரும்." பினாங்கில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், எந்தக் கோயில் வாசலில் நின்றாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள்: "நம்ம நாட்டுல பருவம்னு ஒண்ணு ஏது? வெயில், மழை, வெயில், மழை. அதான் நாள் போறதே தெரியலை." புலம்பல் உண்மைதான். சொல்லும் காரணம் சரியில்லை. இந்த மண்ணில் பருவம் இருக்கிறது. மணி காட்டும் மரம் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் இடம் மாறும் நிழல் இருக்கிறது. அவற்றை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் அறுந்துபோயிற்று. அதை ஒட்டவைக்க உங்கள் நாளிதழால் ஒரு சிறு காரியம் செய்ய முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தூங்குமூஞ்சி மரத்திலிருந்து தொடங்குகிறேன். ஜார்ஜ்டவுனின் பழைய சாலைகளிலும் கோலாலம்பூர்ப் பூங்காக்களிலும் குடை விரித்து நிற்கும் அந்த மரத்தைத் தெரியாதவர் இல்லை. மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி. மாலை ஐந்தானால் இலையை மூடிக்கொள்ளும் மரம் என்பது பொருள். இன்று ஐந்து மணிக்கு அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். இலைகள் நன்றாக விரிந்தே இருக்கும். ஆறு மணி தாண்டினால்தான் அது கண் அயரத் தொடங்கும். மரம் மாறவில்லை. மாறியது நம் கடிகாரம்.

பழைய நாளில் ஊரின் உச்சிவெயிலை ஒட்டியே கடிகாரம் ஓடியது. 1905 ஜூன் முதல் தேதி, கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் என்று தீபகற்பத்துக்கு ஒரு பொது நேரம் வந்தது. 1933-இல் அதோடு 20 நிமிடம் கூட்டினார்கள், 1941-இல் இன்னும் 10. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945-இல் பழைய ஏழரைக்கே திரும்பினோம். 1982 ஜனவரி 1-இல் சபா, சரவாக்குடன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று முடிவாகி, மேலும் அரை மணி முன்னே தள்ளி இன்றைய 8-க்கு வந்தோம்.

8 மணி நேரம் என்பது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், பிலிப்பீன்ஸ், சுலாவேசி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இயல்பான நேரம். பினாங்கு இருப்பதோ 100.3 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நமக்கும் சூரியனுக்கும் இடையே 79 நிமிட இடைவெளி. கோலாலம்பூருக்கு 73. ஆகவே பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.19-க்கு. பள்ளிக்குக் கிளம்ப விடிகாலை 5.30-க்கு எழுப்பப்படும் பிள்ளை, சூரியக் கணக்கில் 4.11-க்கு எழுகிறது. ஒரு நாளில் ஆறு சிறுபொழுது, ஒவ்வொன்றும் பத்து நாழிகை என்று நம் முன்னோர் பிரித்தார்களே, அதை இன்றைய பினாங்குக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தால் வைகறை 3.19-இலிருந்து 7.19 வரை, காலை 11.19 வரை, நண்பகல் 3.19 வரை, பொழுது சாயும் எற்பாடு 7.19 வரை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு வெளியே வருகிறவர் 'இப்போதே இந்தக் கொளுத்து கொளுத்துகிறதே' என்பார். அது நட்ட நடு உச்சி.

இதில் நல்லதும் உண்டு. வேலை முடிந்து வீடு வந்த பிறகும் ஒரு மணி நேர வெளிச்சம் கையில் மிச்சமிருக்கிறது. கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாழ வேண்டும் என்கிறேன்.

மரம் தூங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாலை 5.30-க்கே போய்விடுவது நல்லது. வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு தாழ்ந்த கிளையைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் சிற்றிலைகள் லேசாகத் தொங்கும். பிறகு சோடி சோடியாக மடியும். கடைசியில் அதுவரை இலைக்கூரையாக இருந்தது சல்லடை போலாகி, வானம் துண்டு துண்டாகத் தெரியத் தொடங்கும். தரையில் நிழலும் மெலிந்துவிடும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் பருத்த சிறு கணு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும்போது நீரும் பின்னாலேயே போய்விடும். அந்தப் பக்கம் சுருங்க, எதிர்ப்பக்கம் நீரேறி உப்ப, இலை மடிகிறது. காலையில் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கும். மேகம் கவிந்த நாளிலும் மழைக்கு முன்னும் மரம் சீக்கிரமே மூடிவிடும். எனவே ஒரே நாளை நம்பாமல், வானம் தெளிந்த மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நகராண்மைக் கழகம் கிளை வெட்டிப் புதிதாகத் துளிர்த்த இளம் இலையை அளவாகக் கொள்ளக்கூடாது. அது சரியாக மடியாது. கொசுக்கடிக்கு முழுக்கைச் சட்டை அவசியம். டிங்கிக் கொசு கடிப்பது பெரும்பாலும் காலை வெயில் ஏறும் முன்னும் அந்தி சாயும் முன்னும்தான்.

இலை மூடுவது வெறுமனே வெளிச்சம் குறைவதால் அன்று. 1729-இல் தெ மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அது நேரத்துக்கு விரிந்து நேரத்துக்கு மூடியது. கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. சூரியன் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது, அவ்வளவே.

நமக்கும் அப்படித்தான். கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள், அரிசி மணி அளவில் ஒரு நரம்பணுக் கூட்டம் நம் உடம்பின் பொழுதை நடத்துகிறது. அதன் சொந்தச் சுற்று 24 மணிக்குச் சில நிமிடம் கூடுதல். காலை வெளிச்சம் அந்தக் கூடுதலைத் தினமும் வெட்டிச் சரிசெய்யாவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். வெளிச்சம் என்றால் எவ்வளவு? வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் அலுவலக விளக்கு 300 முதல் 500. மேகமூட்டமான நாளில் வெறும் வாசலில் நின்றாலே 10,000 லக்ஸ் அளவில் கிடைக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். நம் கண் எந்த ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. அலுவலகமும் வாசலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் கார் ஏறி, அலுவலகத்தின் நிலவறையில் இறங்கி, இரவு அதே வழியில் திரும்புகிறவர் பல நாட்கள் ஆயிரம் லக்ஸையே காண்பதில்லை.

1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரமில்லாமல் தங்கினார். ஜூலை 16-இல் இறங்கியவரிடம் செப்டம்பர் 14 அன்று 'நாள் முடிந்தது' என்று மேலிருந்து சொன்னார்கள். அவர் குறிப்பேட்டின்படி அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் அவருக்குத் தெரியாமலேயே கழிந்துவிட்டிருந்தது. இரவும் பகலும் ஒரே குளிர், ஒரே விளக்கு, ஒரே சத்தம் என்று இருக்கும் இடத்தில் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பேரங்காடியிலும் குளிரூட்டிய அலுவலகத்திலும் நடப்பது இதன் சிறு வடிவம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொழுது போவதை நாம் இரண்டு விதமாக அளக்கிறோம். போய்க்கொண்டிருக்கும்போது அளப்பது ஒன்று, போன பின் திரும்பிப் பார்த்து அளப்பது இன்னொன்று. திரும்பிப் பார்க்கும்போது, நினைவில் தனித்தனியாக நிற்கும் மாற்றங்கள் எத்தனை என்பதை வைத்தே மனம் கணக்குப் போடுகிறது. மாற்றம் இல்லாத மாதம், வாழும்போது இழுவையாக இருந்தாலும் பின்னால் ஒரு வாரம் போலச் சுருங்கிவிடும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நகரச் சூழலில் இருந்தவர்களைவிட இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் கழிந்த நேரத்தைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். அவர்களுக்கு அதே நிமிடங்கள் நீளமாகத் தோன்றின. தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய்வந்தால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். ஆனால் 'நேரமே இல்லை' என்று தவிக்கிறவர் முதலில் வெட்டி எறிவது இந்த அரை மணி நடையைத்தான். அந்தக் கணக்குத் தலைகீழானது.

சரி, பருவம் எங்கே இருக்கிறது? ஒரு மீட்டர் கழி போதும், காட்டித்தரும். பகல் நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கு மாற்றம் சிறிதுதான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் கோலாலம்பூரில் 22 நிமிடம், பினாங்கில் 38. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உச்சிவேளை நிழல் அப்படியில்லை. பினாங்கில் டிசம்பர் 21-இல் ஒரு மீட்டர் கழியின் நிழல் வடக்கே 55 செ.மீ. நீளும். நாளாக ஆகக் குறுகி, ஏப்ரல் 3, 4 வாக்கில் கழியின் காலடியிலேயே மறைந்துவிடும். பிறகு மறுபக்கம் முளைத்து, ஜூன் 21-இல் தெற்கே 32 செ.மீ. போய் நிற்கும். செப்டம்பர் 8, 9-இல் மீண்டும் மறைந்து வடக்கே திரும்பும். கோலாலம்பூரில் இதே கணக்கு வடக்கே 50, தெற்கே 37 செ.மீ. நிழல் மறையும் நாட்கள் அங்கே மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 15 வாக்கிலும். ஆண்டில் ஐந்து மாதம் நம் நிழல் தெற்கே விழுகிறது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிலும் பலர் கவனித்ததில்லை.

செய்முறை இதுதான். சிமெண்டுத் தரையில் ஓர் இடம் தேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கமாக ஓடாத தரை வேண்டும். தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்படி கழியை நாட்டுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் நேர் பாருங்கள். கழி ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் முனை ஒன்றே முக்கால் செ.மீ. தள்ளிப்போகும். பிள்ளைகள் போடும் கணக்குத் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். சூரியன் ஒரு புள்ளி அன்று, வட்டம். அதனால் நிழல் முனை ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாக இருக்கும். கழியின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை வைத்தால் ஒளிப்பொட்டு ஒன்று விழும். அதன் நடுவைக் குறிப்பது எளிது. பிற்பகல் 12.50-இலிருந்து 1.45 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். நிழல் மிகக் குறுகியதாக இருந்த புள்ளியே அன்றைய உச்சி.

ஒரு சிக்கல் உண்டு. உச்சியை ஒட்டிய நிமிடங்களில் நிழலின் நீளம் மாறுவதே தெரியாது, திசைதான் மாறும். ஆகவே துல்லியம் வேண்டுகிறவர்கள் நம் கோயில் தச்சர்கள் திசை கண்ட முறையையே பின்பற்றலாம். முற்பகலில் ஒரு புள்ளி குறித்து, கழியை மையமாக வைத்து அந்தப் புள்ளி வழியே வட்டம் வரைய வேண்டும். பிற்பகலில் நிழல் முனை அதே வட்டத்தை மறுபடி தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். இரண்டு நேரத்துக்கும் நடு நேரம்தான் உச்சி. இரண்டு புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. பிற்பகலில் மேகம் திரண்டு இந்த முறையைக் கெடுக்கும். எனவே பினாங்கில் வானம் வறண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை குறித்தால் போதும், தேதியைப் பெயிண்டில் எழுதிவிடுங்கள். மார்ச் கடைசியில் வாரத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. ஓடும் நிழல், டிசம்பர் 21-ஐ ஒட்டிய வாரத்தில் அரை செ.மீ. கூட நகராமல் தயங்கி நின்று பிறகு திரும்பும். உத்தராயணம் என்ற சொல் தரையில் எழுதிக் காட்டப்படுவதை அப்போது பார்க்கலாம்.

உச்சி நேரமும் நாளுக்கு நாள் மாறும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. இவ்விரண்டும் சேர்ந்து நவம்பர் தொடக்கத்தில் பினாங்கின் உச்சியை 1.02-க்கு இழுக்கின்றன, பிப்ரவரி நடுவில் 1.33-க்குத் தள்ளுகின்றன. பிப்ரவரியில் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது 'இன்னும் விடியவே இல்லையே' என்று தோன்றுவது இதனால்தான்.

வானத்தை விட்டு மரத்துக்கு வந்தால், ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இருக்கவில்லை. இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கு, வெளிச்சம் வரும் முன்னே தீம்பார் என்னும் ரப்பர்க்காட்டில் கால். அது கங்காணியின் கெடுபிடி மட்டுமன்று. இரவில் இலை நீராவி விடுவது குறைந்து, மரத்துக்குள் நீரின் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். அப்போது கீறினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, வெட்டுவாய் உறைந்து, பால் நின்றுவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டிலிருந்து விலகி வழிந்து, மங்கு என்னும் கிண்ணத்துக்குப் போகாமல் வீணாகும். அதனால் மழைக்குப் பின் மரம் காயக் காத்திருப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும், பால் குறையும். அந்த மாதங்களில் கையில் காசும் குறைவு என்பதால் அந்தப் பருவத்தை யாரும் மறக்க முடியாது. ஆகஸ்டு, செப்டம்பரில் காய் வெடித்து, கொட்டை லயத்து வீடுகளின் தகரக்கூரையில் பட்டென்று விழும். பருவமில்லாத நாடு என்ற பேச்சு, தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபின் நம் வாயில் ஏறியது.

நகரத்திலும் அடையாளங்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. சில வார வறட்சி வந்து, பிறகு ஒரு மழை பெய்தால் சாலையோரத் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். பினாங்கில் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் இதைக் காணலாம். அதே வறட்சிதான் பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் மலைச்சரிவில் டுரியானையும் பூக்கவைக்கிறது. டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் மகரந்தம் ஏற்கும். விடிந்தால் இதழும் மகரந்தத் தாளும் மரத்தடியில் மெத்தை விரித்தாற்போலக் கிடக்கும். அந்த ஓர் இரவில் வௌவால் வர வேண்டும். பத்துமலைக் குகைகளில் தொங்கும் தேனுண்ணும் வௌவால்கள் இந்த வேலையைச் செய்பவைதாம். முருகன் சந்நிதிக்குப் படியேறும் நம்மில் எத்தனை பேர், பக்கத்துக் குகையிலிருந்து அந்திக்குப் பிறகு புறப்படும் அந்தக் கூட்டத்தை நினைத்திருப்போம்? பூத்த இரவுகளில் பெருமழை பிடித்துக்கொண்டால் பூ உதிர்ந்து அந்த ஆண்டு காய் குறையும். பூவிலிருந்து பழம் விழ மூன்றரை, நான்கு மாதம். பிப்ரவரி கடைசியில் பூவைப் பார்த்தவர் ஜூனில் பழம் கைக்கு வரும்போது நான்கு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்பதை உடம்பால் அறிவார். கடையில் முதல் டுரியானைப் பார்த்து 'அதுக்குள்ளே சீசனா?' என்பவர் அந்தப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்.

செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து தகைவிலான் குருவிகள் வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும், ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் நின்றால், சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகளைக் காணலாம். ஆண்டுக்கணக்கைத் தாண்டிய பொழுதும் நம் காட்டுக்கு உண்டு. மெரந்தி வகை மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டில் வரலாம், பத்து ஆண்டும் ஆகலாம். பூத்தால் காடே சேர்ந்து பூக்கும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு, ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களில் கையால் நட்டு வளர்த்தது. 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள கபூர் மரங்களின் அடியில் நின்று மேலே பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி அடுத்ததைத் தொடாமல், நடுவே வானம் ஆற்று வாய்க்கால்போல ஓடும். நூறு ஆண்டு என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்க அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்தபடி தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரே மரம், ஒரே நோட்டுப் புத்தகம் போதும். முதல் மாதத்திலேயே பத்து மரம், இருபது பறவை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இரண்டாம் மாதம் விட்டுவிடுகிறார்கள். தினமும் கண்ணில் படும் ஒரு மரத்தை எடுங்கள். பூவை மட்டும் எழுதாமல் தளிர், முற்றிய இலை, உதிர்வு, காய், வந்த பறவை என்று வாரம் இரண்டு வரி எழுதுங்கள். 'மாற்றமில்லை' என்பதையும் தேதியோடு எழுதுங்கள், அதுவும் தகவல்தான். கைப்பேசியில் படம் மட்டும் எடுத்து வைப்பவர்கள் பிறகு திறந்து பார்ப்பதில்லை. கையால் எழுதியவர் மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது அந்த மூன்று மாதமும் பன்னிரண்டு தனித்தனி வாரங்களாக நிற்கும். காலையில் சூரியன் எழுந்த அரை மணிக்குள் இருபது நிமிடம் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே இருங்கள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, வெளிச்சத்தில் இருந்தால் போதும். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் பையோ தின்பண்டமோ கொண்டுபோகாதீர்கள், குரங்குகள் பிடுங்கும். 1884-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. காலையில் போனால் அன்றலர்ந்த பூவைத் தண்டிலேயே பார்க்கலாம்.

நிலவையும் மறந்துவிடக் கூடாது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி எல்லாம் முழுநிலவை ஒட்டிய நாட்கள். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அலைவாய்க் கரையில் நீரேற்றமும் அதே கணக்கில் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். திருவிழா எப்போது என்று காலண்டரைக் கேட்கும் நாம், முந்தைய பத்து இரவும் வானத்தில் நிலவு வளர்வதைப் பார்த்திருந்தால் தைப்பூசம் 'திடீரென்று' வராது.

காலண்டர் என்றதும் இன்னொன்று. இராகு காலம் என்பது உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ஒதுக்கும் கணக்கு. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. உதயம் 6 மணி என்று வைத்தால்தான் அது 7.30 முதல் 9 வரை வரும். பினாங்கில் உதயம் 7.17 என்றால் அது ஏறக்குறைய 8.48 முதல் 10.20 வரை. நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, 7.30 என்று இங்கே பின்பற்றினால் பொழுது விடிந்தும் விடியாததுமாக இருக்கும் வேளையை இரண்டாம் பங்காக எண்ணுகிறோம். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். அவர்களுடைய தொழுகை அட்டவணையில் உதயமும், உச்சி சாய்ந்ததும் வரும் ஸொஹோரும், மறைவும் ஊர்வாரியாக, நாள்வாரியாக நிமிடக் கணக்கில் மாறுகின்றன. அவர்கள் இந்த ஊரின் சூரியனோடு தினமும் தொடர்பில் இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் 'இன்றைய நாள்' பகுதியில் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு மூன்றுக்கும் உதயம், உச்சி, மறைவு ஆகிய மூன்று நேரங்களை அன்றாடம் அச்சிடுங்கள். அந்த ஊர்களின் கணக்கை வைத்தே இராகு காலத்தையும் போடுங்கள். நிலவு எழும் நேரம் ஒரு வரி. வாரம் ஒருமுறை, ஞாயிறு பதிப்பில், வாசகர்கள் தேதியும் இடமும் குறிப்பிட்டு அனுப்பும் மரம், பறவைக் குறிப்புகளுக்கு ஒரு பத்தி இடம் ஒதுக்குங்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியின் சபை கூடும் திடலிலும் ஒரு மீட்டர் கழி நாட்டி, வாரப் புள்ளிகளைப் பெயிண்டில் குறிக்கத் தலைமையாசிரியர்கள் முன்வந்தால், அந்த அளவுகளையும் நீங்கள் வெளியிடலாம். வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே ஜொகூர் வரை நிழல் மறையும் நாள் எப்படித் தள்ளித் தள்ளி வருகிறது என்பதை மாணவர்களே அளந்து சொல்வார்கள்.

இதற்கு அதிக இடமும் வேண்டியதில்லை. ஏப்ரல் 3-ஆம் தேதிக்குப் பினாங்கு வரி இப்படி இருக்கும்: உதயம் 7.17, உச்சி 1.22, மறைவு 7.27, உச்சியில் நிழல் இல்லை.

இப்படிக்கு,
தாவரவியல் ஆர்வலர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு